ஏழுசுற்றுக் கல்லை நான் ஏன் பிடுங்கினேன்

கண்ணு,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ சௌக்கியமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் இல்லை. பிறகு எதற்கு அந்த ஒப்புக்குக் கேட்கிற கேள்வி? உன் பனியன் கம்பெனி முதலாளி பாய் இன்றைக்கு மத்தியானம் வந்திருந்தார். தாராபுரத்தில் ஒரு நிக்காவுக்குப் போகிறவர் வழியில் குண்டடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த வெயிலில் நம் காட்டு வீட்டுக்கு நடந்து வந்து, கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டே, “ஏனுங்க அம்மிணி, பையன் வெள்ளிக்கெழம கல்கத்தாவுக்குப் பொறப்படறாரு. உங்ககிட்டச் சொன்னாருங்களா?” என்று கேட்டார். சொன்னான் என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நம்ம சரக்க எடுக்கற வியாபாரிக்குப் பக்கத்துல நம்மாளு ஒருத்தரு இருக்கோணுமுங்க. நாந்தான் அனுப்பறேன். ஆனா நாங் கேக்கறதுக்கு முன்னாலயே அவரு போறேன்னு வந்து நின்னாருங்க” என்றார். பெற்றவளுக்கு மகன் ஊரை விட்டுப் போகிற சேதி பஸ்ஸில் வருகிறது. நல்லாத்தான் இருக்குதடா உன் மரியாதை!

உன்னைத் திட்டுவதற்காக மட்டும் உட்கார்ந்திருந்தால் ஒரே பக்கத்தில் முடித்திருப்பேன். விஷயம் அதுவல்ல. உன் மனைவி தெய்வானை இறந்துபோன அன்றைக்கு இந்த வீட்டில் நடந்ததில் பாதியைத்தான் உனக்குச் சொன்னேன். மீதிப் பாதியைப் பதினாலு மாதமாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருக்கிறேன். அதை இந்தக் கடிதத்தில் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டால் நீ அப்புறம் என்னை அம்மா என்று கூப்பிடுவாயா என்பது எனக்கு நிச்சயமில்லை. எழுதாவிட்டால், உன்னுடையது அல்லாத ஒரு குற்றத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நீ ரயில் ஏறிவிடுவாய். பாய் நாளைக் காலை இதே வழியாகத் திருப்பூர் திரும்புகிறார். பஸ் நிற்கிற இடத்தில் வைத்து அவர் கையில் இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆக, இன்றைக்கு எழுதினால்தான் உண்டு.

முதலில் அந்தத் தை மாதத்துக் காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீ என்னிடம் கடைசியாக முகம் கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான். நம் மேட்டுக்காட்டில் இருந்த ஏழுசுற்றுக் கோட்டையின் கற்களை ஆள் வைத்துப் பிடுங்கி நான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நீ வழக்கம்போல நடக்க வந்தாய். பார்த்தாய். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். நீ கத்துவாய், நானும் கத்தலாம், கத்துகிற கத்தலில் உள்ளே இருப்பது வெளியே வந்து விழுந்துவிடும் என்று ஒரு நப்பாசை. “கெணத்து மோட்டாருக்கு ரூம் கட்டோணும், அஸ்திவாரத்துக்குக் கல்லு வேணும்” என்றேன், நீ கேட்காமலேயே. நீ என்ன சொன்னாய் தெரியுமா? “சரீங்கம்மா” என்றாய். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் சட்டையை மாட்டிக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்குத் திருப்பூர் போய்விட்டாய். அதற்குப் பிறகு மாதம் ஒரு கார்டு வருகிறது. ‘நலம். வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.’ இந்த மூன்று வாக்கியத்தை எழுத எட்டாம் வகுப்பு வரைக்கும் உன்னைப் படிக்க வைத்திருக்கவே வேண்டாம். ஒரு தடவையாவது ஏன் பிடுங்கினாய் என்று கேட்டிருக்கக் கூடாதா? மரியாதைக்காரப் பிள்ளையைப் பெற்றால் இப்படித்தான் சாக வேண்டியிருக்கிறது.

அந்த இடத்தைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஊரார் கோட்டை என்கிறார்களே தவிர அங்கே கோட்டையுமில்லை, கொத்தளமுமில்லை. கணுக்கால் உயரத்துக்கு நட்ட கல் வரிசைகள், ஒரு வாசல், ஒரே வழி. யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே போனால் தப்பான திருப்பம் என்பதே கிடையாது. நடுவை ஒட்டி நெருங்கி வந்துவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில் வழி நம்மை விலக்கி வெளிச்சுற்றுக்குத் தள்ளும். போய்க்கொண்டே இருந்தால் நடுவில் கொண்டுபோய் விடும். பிள்ளையில்லாதவள், மனசு கலங்கினவன், தூக்கம் வராதவன் என்று ஊர் ஊராக வந்து நடந்துவிட்டுப் போவார்கள். சட்டம் இரண்டுதான். நடக்கிறவர் பேசக் கூடாது, அவரை யாரும் கூப்பிடவும் கூடாது. காலை உள்ளே வைத்துவிட்டால் நடுவைத் தொடாமல் பாதியில் கல்லைத் தாண்டி வெளியே வரக் கூடாது. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவிடம், “இத்தன நெலத்தச் சும்மா போட்டு வெச்சிருக்கறீங்களே, கம்பு வெதைச்சா நாலு மூட்டையாச்சும் வருமுங்களே” என்றுதான் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு அந்தக் கல்மேல் பக்தியும் இல்லை, பகையும் இல்லை.

அப்புறம் உனக்கு ஆறு வயதில் அவர் விஷக்காய்ச்சலில் போனார். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து நீ பேச்சை நிறுத்திவிட்டாய். சாப்பிடுவாய், தூங்குவாய், மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். வாயிலிருந்து ஒரு சொல் வராது. நான் பார்க்காத வைத்தியமில்லை. தாராபுரத்து டாக்டரிடம் காட்டினேன், கறுப்புக் கயிறு கட்டினேன், பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்து குடிக்க வைத்தேன். ஒருநாள் பொறுமை போய்ச் சோளத்தட்டை எடுத்து உன் முதுகில் நாலு வைத்தேன். “அம்மான்னு சொல்லுடா, ஒருக்காச் சொல்லுடா” என்று அடித்தேன். நீ அழுதாய், அதுவும் சத்தமில்லாமல். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. அடித்ததற்கு இருபது வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்பது கோமாளித்தனம் என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

உன்னை நான் ஏழுசுற்றுக்கு அழைத்துப் போனது வேண்டுதலுக்கு அல்ல. வாசலில் வருகிறவர் போகிறவரெல்லாம் “பையன் பேசினானுங்களா?” என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்கள். உள்ளே நடக்கிறவரை யாரும் கூப்பிடக் கூடாதே, அந்த அரைமணி நேரமாவது தப்பிக்கலாம் என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொள்ளத்தான் போனேன். மறுநாளும் போனேன். அங்கே நீ ஊமைப் பையன் இல்லை, ஏனென்றால் அங்கே எல்லோருமே பேசாமல்தான் நடக்க வேண்டும். நானும் பேசவில்லை. பத்து நாளில் நீ என்னை இழுத்துக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தாய். பிறகு வெளிச்சுற்றின் திருப்பத்தில் கையை உதறிவிட்டுத் தனியாக நடந்தாய். ஒரு சாயங்காலம் வாசலைத் தாண்டி வெளியே வந்ததும், “அம்மா, கால்ல முள்ளு” என்றாய். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முள்ளை எடுக்கிறேன் பேர்வழி என்று உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, உன் அப்பா போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன். உன்னைப் பேச வைத்தது அந்தக் கல்தான் என்று முடிவு கட்டினேன். கொஞ்ச நாள் யாரும் நச்சரிக்காமல், கேள்வி கேட்காமல், கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததுதான் உன்னைப் பேச வைத்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லையே! நாலு மூட்டைக் கம்பு கணக்குப் போட்ட அதே பொம்பளை அன்றிலிருந்து செவ்வாய்தோறும் அந்தக் கல்லுக்குச் சூடம் காட்ட ஆரம்பித்தாள். நம்புவது தப்பில்லை. எதை நம்புகிறோம் என்று ஒருதடவை நின்று பார்க்காமல் நம்பியது தப்பு.

தெய்வானை பெருமாநல்லூரிலிருந்து நம் வீட்டுக்கு வந்தபோது அவளும் ஒருநாள் உள்ளே நடந்தாள். விறுவிறுவென்று ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டு வெளியே வந்து, “தல சுத்துதுங்க அத்தே. இதுக்கா இத்தன பேரு வர்றாங்க?” என்று சிரித்தாள். எதற்கும் ஒரு எதிர்க்கேள்வி வைத்திருப்பாள். பருப்புக்கு எதற்கு இத்தனை பூண்டு, செவ்வாய்க்கிழமை ஏன் நகம் வெட்டக் கூடாது, அத்தை ஏன் சிரிப்பதேயில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வரும், அடுத்த நிமிஷம் சிரிப்பும் வரும். தாயில்லாப் பெண் என்பதால் தலைப்பிரசவத்துக்கும் அவள் இங்கேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். கடைசி நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இருப்பது நல்லது, புதன்கிழமை கம்பெனி வேனை எடுத்து வந்து அவளைத் திருப்பூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று நீ சொன்னாய். கல்கத்தாச் சரக்கு முடியவில்லை, சனிக்கிழமை வருகிறேன் என்று புதன்கிழமை சொல்லியனுப்பினாய். வியாழக்கிழமை அவளுக்கு வலி எடுத்தது.

உனக்கு நான் சொன்ன பாதி இதுதான். வலி எடுத்தது, கார் கிடைக்கவில்லை, கிடைத்தபோது நேரமாகிவிட்டது, தாராபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னே அவளும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. நீ திருப்பூரிலிருந்து ஓடி வந்து ஆஸ்பத்திரி வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “வேனு சும்மாத்தான் நின்னுதுங்கம்மா. நேத்தே வந்திருந்தா…” என்றாய். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நீ வேலைக்குப் போகவில்லை. பாய் உன் கட்டிங் டேபிளில் வேறு ஆளை நிறுத்தாமல் காத்திருந்தார், அந்த மனுஷனுக்கு நீ காலம் முழுக்கக் கடன்பட்டவன். நீ விடிந்ததும் எழுந்து ஏழுசுற்றுக்குப் போனாய். முதல் மாதம் யாரையோ துரத்துகிற மாதிரி நடந்தாய். ஊரில் சிரித்தார்கள். “பிள்ளையில்லாத பொம்பளைங்க நடக்கற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலைங்க?” என்று என் காதுபடவே கேட்டார்கள். கேட்டவளின் வீட்டுக்கு இன்றுவரை நான் போவதில்லை. மழைக்காலம் வந்தபோது உன் நடை நிதானமாயிற்று. நடுவில் போய் வெகுநேரம் நின்றாய். திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாய். கார்த்திகையில் ஒருநாள் எதற்கோ பல்லைக் காட்டிச் சிரித்தாய். ஆறு வயதில் முள் குத்தியதைச் சொன்ன பையன் திரும்பி வருகிறான் என்று நான் அடுப்படியில் நின்று கும்பிட்டேன்.

பொங்கல் கழித்து ஒரு காலையில் நடந்து முடித்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாய். நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். “நடந்து நடந்து ஒண்ணு தெளிஞ்சுதுங்கம்மா” என்றாய். “நாஞ் சொன்னபடி புதங்கெழம வந்திருந்தா அவ இருந்திருப்பா. தப்பு எம்மேலதானுங்க. அத ஒத்துக்கிட்டேன். இப்பக் கொஞ்சம் லேசா இருக்குது.” சொல்லிவிட்டு ரெண்டு உருண்டைக் களி சாப்பிட்டாய். எத்தனை மாதத்துக்கு அப்புறம்! நான் துடுப்பைப் பிடித்தபடி நின்றேன். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. உன் தட்டைப் பார்த்தேன். பையன் சாப்பிடுகிறான், இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே சாக்கு. அதற்கு மறுநாளும்.

இப்போது புரிகிறதா நான் ஏன் கல்லைப் பிடுங்கினேன் என்று? நீ ஒவ்வொரு காலையும் அங்கே போய் என் குற்றத்தை உன்னுடையது என்று ஒத்துக்கொண்டு வந்தாய். அதை என்னால் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி உன்னை நிறுத்தத் தைரியமில்லை, அதனால் நீ நடக்கிற இடத்தையே இல்லாமல் செய்தேன். மோட்டார் ரூமாம், அஸ்திவாரமாம்! கல் எல்லாம் ஒழுங்கில்லை, வேலைக்கு ஆகாது என்று கொத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டார். குவித்தது குவித்தபடி கிணற்றோரம் கிடக்கிறது. அங்கே நடந்தால் மனசு தெளியும் என்பது பொய்யில்லை, கண்ணு. உனக்கு இரண்டு தடவை தெளிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தானே ஒருவன் யோசிக்க முடியும்? நான் உன் கையில் ஒரு பொய்யைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். பத்து மாதம் நடந்து நீ அந்தப் பொய்யோடு சமாதானம் ஆகிவிட்டு வந்தாய். கல்லைத் திரும்ப நட்டுவிடலாமே என்று பாய் இன்றைக்குக் கேட்டார். நட மாட்டேன். உன்னை வரவழைக்க நட்டது போல ஆகிவிடும். நடுவதா வேண்டாமா என்பது இனி உன் இஷ்டம்.

பார்த்தாயா, இத்தனை பக்கம் எழுதியாயிற்று, இன்னும் விஷயத்துக்கு வரவில்லை. இரண்டு தடவை பேனாவை மூடி வைத்துவிட்டு எருமைக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு வந்தேன். கல்கத்தாவில் கடுகெண்ணெயில் சமைப்பார்களாம், உனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது, நல்லெண்ணெய் ஒரு டின் வாங்கிக்கொண்டு போ என்று எழுதலாமா என்றுகூடப் பார்த்தேன். அதையும் எழுதிவிட்டேன், வாங்கிக்கொண்டு போ. இன்னொன்றும் சொல்கிறேன், இதை மட்டும் அம்மாவின் புத்திமதி என்று வைத்துக்கொள். எங்கேயாவது ஏதாவது தப்பு நடந்தால் முதல் ஆளாகக் கையைத் தூக்கி நான்தான் என்று நிற்காதே. சத்தமில்லாமல் பின்னால் நிற்கிற என் மாதிரி ஆட்களுக்கு அது ரொம்ப வசதி.

சரி. அந்த வியாழக்கிழமை.

காலை பத்து மணிக்கெல்லாம் வலி நெருங்கிவிட்டது. மருத்துவச்சி வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “அம்மிணி, கொழந்த குறுக்கால கெடக்குது. இது எங் கையில ஆகற காரியமில்லீங்க. ஒடனே தாராபுரம் கொண்டு போயிருங்க” என்றாள். ரைஸ்மில்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். கார் கிடைத்தது, கண்ணு. கால்மணி நேரத்தில் வந்து நம் வாசலில் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, “வண்டி வந்துருச்சுங்க” என்று குரல் கொடுத்தார். நான், “செத்த இருங்க, வந்தர்றோம்” என்றேன்.

ஏனென்றால் அதற்குள் நான் தட்டில் வரைய ஆரம்பித்திருந்தேன். பிரசவ வலியில் இருக்கிறவளுக்குப் பித்தளைத் தட்டில் மஞ்சளால் ஏழுசுற்றை வரைந்து கொடுக்கிற வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது, அது ஆண்கள் காதுக்கு வராது. வாசலில் சுட்டு விரலை வைத்து நடு வரைக்கும் அவளே இழுக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அந்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால் குழந்தை வழி கண்டுபிடித்து வெளியே வரும் என்பார்கள். நீ பிறந்தபோது எனக்கும் வரைந்து கொடுத்தார்கள், நீ பிறந்தாய். உன் பேச்சைத் திருப்பிக் கொடுத்த கோட்டை, உன் பிள்ளையையும் கொடுக்காதா என்று நினைத்தேன். ஆரம்பித்தால் பாதியில் விடக் கூடாது என்பது தட்டுக்கும் சட்டம். கல்லுக்கு இருந்த அதே சட்டம்.

நடுவில் ஒரு கூட்டல் குறி, அதன் நாலு கட்டத்திலும் ‘ட’ மாதிரி ஒரு மடக்கு, நாலு மூலையில் நாலு புள்ளி, ஒரு பக்கத்து முனையை வளைத்துக் கொண்டுபோய் மறுபக்கத்து முனையில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். வாசலில் கார் நிற்கிற அவசரத்தில் விரலை ஓட்டினேன். எப்படியோ வரைந்து முடித்து அவள் மடியில் வைத்தேன். விரலை வைத்து இழுத்தாள், பாதியில் நின்றாள். “மறுக்கா வாசல்ல இருந்து ஆரம்பி கண்ணு” என்றேன். மறுபடி அங்கேயே நின்றாள். வெளியே ஹாரன் அடித்தது. மருத்துவச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டேன். மூன்றாம் தடவை. நடுவில் ஒரு வலி வந்து போயிற்று. தெய்வானை நிமிர்ந்து என்னைப் பார்த்து, “அத்தே, இதுல வழி இல்லீங்களே” என்றாள்.

“வழி இருக்குது. நல்லாப் பாத்து இழு” என்று அதட்டினேன்.

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற பெண், அன்றைக்கு மட்டும் பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நான் சொன்னபடி மறுபடி வாசலில் விரலை வைத்தாள். எத்தனை தடவை வைத்தாள் என்று நான் எண்ணவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. விரலைத் தூக்க முடியாமல் அவள் கை சரிந்து விழுந்த பிறகுதான் நான் தட்டை எடுத்து அப்பால் வைத்தேன். அவளைத் தூக்கிக் காரில் போட்டோம். ஏன் இத்தனை நேரம் என்று டாக்டரம்மா கேட்டபோது, “காரு கெடைக்கலீங்க” என்று என் வாய் சொல்லிற்று. கொஞ்ச நேரத்தில் நீ வந்தாய், உன்னிடமும் அதையே சொல்லிற்று. ரைஸ்மில்காரரும் மருத்துவச்சியும் பெரிய வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று வாயைத் திறக்கவில்லை. யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் அந்தத் தட்டு கிடந்தது. மஞ்சள் காய்ந்திருந்தது, அவள் விரல் போன தடம் அதில் அப்படியே இருந்தது. நான் வாசலில் என் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு வளைவைப் பக்கத்துப் புள்ளியில் சேர்ப்பதற்குப் பதில் அதைத் தாண்டி அடுத்ததில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். பாதி வழியில் கோடு குறுக்கே நிற்கிறது. எத்தனை தடவை இழுத்தாலும் நடுவுக்குப் போக முடியாது. அவள் சரியாகத்தான் சொன்னாள். புளியும் சாம்பலும் போட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவி மற்ற தட்டுகளோடு அடுக்கி வைத்தேன்.

ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம். நீ புதன்கிழமை வந்திருந்தால் என்ற பேச்சுக்கே இடமில்லை. உன் வேன் வராவிட்டால் என்ன, வேறு கார் வந்ததே. அவளைப் போக விடாமல் பிடித்து உட்கார வைத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை நீ ரயில் ஏறு. நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்க மாட்டேன், என்னை மன்னித்துவிட்டேன் என்று நீ கார்டு போடவும் வேண்டாம், மன்னிக்க முடிகிற காரியமா என்று எனக்கே தெரியவில்லை. அங்கே புது ஆட்கள் கேட்பார்கள், உன் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று. ‘கார் வந்து வாசலில் நின்றது, என் அம்மா அனுப்பவில்லை’ என்று சொல். ‘நான் போகவில்லை’ என்று இனி யாரிடமும் சொல்லாதே.